உதட்டுக்கு முன்னால் ஒரு கடதாசித் துண்டு

யாழ்ப்பாணத்தில் கொப்பி என்றால் எழுதுவது, கோப்பி என்றால் குடிப்பது. ஆங்கிலத்தில் முதலாவதற்கு ப, இரண்டாவதற்கு ஃப. எங்கள் வாய்க்கு இரண்டும் ஒரே ப. குறிலையும் நெடிலையும் வைத்துச் சமாளித்துவிடுகிறோம்.

இந்த வேறுபாட்டை எனக்குக் காட்டித் தந்தவர் உடுப்பிட்டி அமெரிக்கன் மிஷன் கல்லூரியில் எனக்கு ஆங்கிலம் படிப்பித்த வாத்தியார். 1962ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. கொப்பியின் கடைசித் தாளில் விரலளவு அகலத்தில் ஒரு துண்டைக் கிழித்து என் உதட்டுக்கு முன்னால் தொங்கப் பிடித்தார். "பான் எண்டு சொல்லு பாப்பம்" என்றார். சொன்னேன். கடதாசி அசையவில்லை. அதையே அவர் சொன்னார். கடதாசி உதைபட்டதுபோலத் துள்ளியது. பிறகு கீழுதட்டை மேற்பல்லில் மெல்ல வைத்து விசிறிக்கான சொல்லைச் சொன்னார். இம்முறை துள்ளல் இல்லை. கடதாசி சாய்ந்தபடியே நின்றது. இரண்டு மூச்சு, இரண்டு எழுத்து. அன்று பின்னேரம் வீட்டுக் கிணற்றடியில் நின்று கடதாசித் துண்டோடு நான் கதைத்துக்கொண்டிருந்ததைக் கண்ட ஆச்சி, வீரபத்திரர் கோயிலுக்குக் கூட்டிப்போய் நூல் கட்டுவிக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னா.

இலங்கையிலும் நைஜீரியாவிலும் மாலைதீவிலும் மொத்தம் நாற்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தேன். என்னோடு எல்லா இடமும் வந்த ஒரே கருவி அந்தக் கடதாசித் துண்டுதான். வேலை கொடுத்தவர்கள் கேட்டதெல்லாம் பட்டம், சான்றிதழ், பாஸ்போட், வயது. கடதாசித் துண்டைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்களூருக்கு ஆங்கிலம் படிப்பிக்க வந்த வெளிநாட்டார் அமெரிக்க மிஷனரிமார். 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள், 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். உடுப்பிட்டிப் பள்ளிக்கூடம் 1852இல் வந்தது. மூன்று வருடத்தில், 1855இல், செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் படித்த பெடியள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், மதம் பரப்பத் தாய்மொழிக் கல்வி போதும் என்று பொஸ்ரனில் இருந்த தலைமைப்பீடம் தீர்மானித்ததே காரணம். ஊர்ச்சனமோ ஆங்கிலம் வேண்டும் என்று நின்றது. செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். அதற்குப் பிறகு கடல் கடந்துபோய் ஆங்கிலத்தால் பிழைப்பது யாழ்ப்பாணத்தானுக்குப் புதுமையாக இருக்கவில்லை. என் பாட்டனின் தலைமுறை மலாயாவுக்குப் போனது. கிளாக்கர், ஸ்ரேசன் மாஸ்ரர், பள்ளிக்கூட வாத்தியார். அந்தப் பென்சனில் கட்டிய வீடுகள் இன்றும் உடுப்பிட்டியிலும் இமையாணனிலும் நிற்கின்றன. படிப்பிக்க வந்தவர்களிடம் வாங்கியதைக் கொண்டுபோய் இன்னொருவருக்குப் படிப்பித்தவர்கள் நாங்கள்.

நான் வேலைக்கு வந்த காலத்தில் ஆங்கிலத்தின் மதிப்பு உள்ளூரில் ஒரு விசித்திரமான நிலையில் இருந்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்துவிட்டது. வகுப்புகள் தாய்மொழிக்கு மாறிவிட்டன. ஆங்கிலம் நாற்பது நிமிடப் பாடமாகச் சுருங்கிப்போனது. அதே ஆங்கிலம் தெரியாதவனுக்குக் கொழும்பில் கதவு திறக்காது. சிங்கள இளைஞர்கள் அதைக் 'கடுவ' என்றார்கள். வாள் என்று பொருள். மகரகம ஆசிரிய கலாசாலையில் இரண்டு வருடம் ஆங்கில விசேட பயிற்சி பெற்றேன். பிறகு படிப்பித்துக்கொண்டே வெளிவாரியாகப் பட்டம் எடுத்தேன். 1979இல் பட்டம் கிடைத்தபோது எனக்கு இரண்டு தங்கச்சிமார் கலியாணத்துக்கு இருந்தார்கள். சம்பளம் பத்தாந் திகதி தாண்டாது.

1977க்குப் பிறகு பாஸ்போட் எடுப்பதும் வெளிநாடு போவதும் இலகுவாயின. ஊர் வாசிகசாலையில் ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகையின் விளம்பரப் பக்கத்துக்குத்தான் போட்டி. ஆசிரியர் தேவை: சாம்பியா, நைஜீரியா, மாலைதீவு. நைஜீரியாவில் அப்போது எண்ணெய்க் காசு பாய்ந்துகொண்டிருந்தது. 1976இல் அனைவருக்கும் ஆரம்பக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். பிள்ளைகள் வெள்ளமாக வந்து சேர்ந்தார்கள், படிப்பிக்க ஆளில்லை. அதனால் அங்கத்தைய மாநிலக் கல்வி அமைச்சுகள் கானா, இந்தியா, இலங்கை என்று ஆசிரியர்களைத் தேடித் திரிந்தன.

வேலை தேடுவது என்பது அந்த நாளில் முழுக்க முழுக்கக் கடதாசி வேலை. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் முத்திரை வாங்க வேண்டும். சான்றிதழ்ப் பிரதி ஒவ்வொன்றிலும் சமாதான நீதவான் ஒப்பம். பொலிஸ் அறிக்கை, வைத்தியப் பரிசோதனை, அதிபரின் நற்சான்றுக் கடிதம். நெல்லியடியில் ஒருவர் தட்டச்சு அடித்துத் தருவார். ஒரு எழுத்துப் பிழைத்தாலும் முழுத் தாளையும் திரும்ப அடிக்கச் சொல்வேன். ஆங்கில வாத்தியாரின் விண்ணப்பத்தில் பிழை இருக்கக் கூடாது என்று எனக்குள் ஒரு வைராக்கியம்.

நேர்முகப் பரீட்சை 1980இல், கொழும்பில் ஒரு ஹோட்டல் அறையில். இரவு மெயில் ரெயினில் போய், கோட்டை ஸ்ரேசனில் முகம் கழுவி, சேட்டு மாற்றிக்கொண்டு போனேன். நீள அங்கியும் தொப்பியும் போட்ட இரண்டு பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். இளையவர் சான்றிதழ்களைப் புரட்டினார். உதைபந்தாட்டம் பழக்க முடியுமா, விடுதிப் பொறுப்பு ஏற்பாயா என்று கேட்டார். மூத்தவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். கடைசியில், உன் தாய்மொழி எது என்று கேட்டார். தமிழ் என்றேன்.

"அப்படியானால் ஆங்கிலத்தை நீ எப்படிப் பிடித்தாய்?"

அந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாகப் போகவில்லை. பையைத் திறந்து விண்ணப்பப் பிரதி ஒன்றின் ஓரத்தைக் கிழித்து உதட்டுக்கு முன்னால் பிடித்தேன். பானும் ஃபானும் சொன்னேன். அவர் எழும்பி வந்து துண்டை வாங்கித் தானும் பிடித்துப் பார்த்தார். அடுத்தவரிடம் தங்கள் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் பவுச்சி மாநிலத்துக்குப் போய் முதல் வகுப்பு எடுத்த அன்றுதான் விளங்கியது. அவர்களின் ஹவுசா மொழியில் ப கிடையாது. எங்களுக்கு இல்லாத ஃப அவர்களிடம் உண்டு, எங்களிடம் இருக்கும் ப அவர்களிடம் இல்லை. பென்சில் அவர்களுக்கு ஃபென்சிர். பாஸ்போட் ஃபாஸ்ஃபோ. நாங்கள் தவறவிடும் எழுத்தில் அவர்கள் நிற்கிறார்கள், அவர்கள் தவறவிடும் எழுத்தில் நாங்கள் நிற்கிறோம். அந்தக் கடதாசித் துண்டை இப்போது எதிர்ப்பக்கமாக நடத்த வேண்டியிருந்தது.

அந்த முதல் மாதத்தை நான் மறக்கவில்லை. மண்சுவர் வீடுகள், வேப்ப மரங்கள். வேம்பைக் கண்டதும் நெஞ்சு லேசானது, அது ஊர் மரம். நவம்பர் பிறக்க ஹர்மத்தான் காற்று சகாராவிலிருந்து தூசியை அள்ளிக்கொண்டு வந்தது. வெளிறிய மாவைக் காற்றில் கரைத்துவிட்டதுபோல் சூரியன் மங்கிவிடும், உதடு வெடிக்கும். வெடித்த உதட்டோடு ப சொல்வது நோகும். ஒரு வகுப்பில் அறுபது பெடியள். என்னை 'மாலம்' என்றார்கள். ஆசிரியருக்கு அவர்கள் வைத்திருக்கும் மரியாதைச் சொல். ஒவ்வொருவனும் கொப்பியில் ஒரு துண்டு கிழித்து உதட்டுக்கு முன்னால் பிடித்து, நான் கை காட்ட அறுபது பேரும் ஒரேயடியாகச் சொல்லுவார்கள். அறுபது கடதாசியும் ஒன்றாகத் துள்ளும். பக்கத்து வகுப்பில் கணிதம் எடுத்த கானாக்காரர் வந்து யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆங்கிலம் பிறப்பிலேயே வந்தவன் இந்த இடத்தில் தடுமாறுவான் என்று நான் நம்புகிறேன். அவனுக்கு ப எப்படி வந்தது என்று தெரியாது, மூச்சைப்போல வந்தது. எனக்குத் தெரியும். எந்தக் கிணற்றடியில், எத்தனை பின்னேரம், எந்தத் தசையைப் பழக்கி வந்தது என்று தெரியும். வழிதவறி வந்து சேர்ந்தவனுக்குத்தான் மற்றவன் எந்தச் சந்தியில் தவறுவான் என்று முன்கூட்டியே தெரிகிறது. நாங்கள் விற்றது அந்த அறிவை. ஆனால் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் தாங்கள் எதை வாங்குகிறோம் என்று அறியாமலே வாங்கினார்கள். அதனால்தான் சந்தை மாறிய ஒவ்வொரு முறையும் முதலில் கழிக்கப்பட்டவர்களும் நாங்களானோம்.

சந்தை முதன்முதலாக மாறியதை நான் கண்ணால் கண்டது 1983 ஜனவரியில். எண்ணெய் விலை சரிந்துகொண்டிருந்தது. அனுமதியில்லாமல் தங்கியிருக்கும் வெளிநாட்டார் இரண்டு வாரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று நைஜீரிய அரசாங்கம் உத்தரவிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கானா மக்கள் கட்டம் போட்ட நைலோன் பைகளோடு தெருவில் இறங்கினார்கள். அந்தப் பைக்கு அங்கே இன்றுவரை 'கானா போகவேண்டும்' என்றே பெயர். யன்னலால் எட்டிப் பார்த்த கணித ஆசிரியருக்குப் பத்திரங்கள் சரியாக இருந்தன, அவர் போகவில்லை. ஆனாலும் அவர் முகத்தில் பழைய சிரிப்பு திரும்பவில்லை. நாங்கள் இலங்கையர் நாலைந்து பேர் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்ட அந்தக் கிழமை, எங்களுக்கு ஒன்றும் நடக்காது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். ஆறு மாதம் கழித்து, ஜூலைக் கடைசியில், எங்கள் சனம் கொழும்பில் வீடு எரிந்து நிற்கிற செய்தியை பி.பி.சி. வானொலியில் அதே அறையில் இருந்து கேட்டோம். அம்மாவின் நீல எயார்மெயில் கடிதம் வந்துசேர ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது.

காசின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். நான் போன 1980இல் ஒரு நைராவுக்கு ஒன்றரை டொலருக்கு மேல் கிடைத்தது. சம்பளத்தில் அனுமதித்த பகுதியை மட்டும் வீட்டுக்கு அனுப்பலாம். முதல் மூன்று வருடத்துக்குள் இரண்டு தங்கச்சிமாரின் கலியாணமும் முடிந்தது. பிறகு அனுப்பும் காசு மாதக்கணக்கில் வங்கியில் தங்கத் தொடங்கியது. 1986 செப்ரெம்பரில் நாணயத்தைச் சந்தை விலைக்கு விட்டார்கள். ஒரு டொலருக்கு நாலு நைராவுக்கும் மேல் கொடுக்க வேண்டி வந்தது. அதே கையெழுத்து, அதே சம்பளத் தாள், ஒரே இரவில் மூன்றில் ஒன்றாகச் சுருங்கியது. அந்த வருட முடிவில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் ஊருக்கு வந்தேன். வந்து அஞ்சு மாதத்தில், 1987 மே 26இல், வடமராட்சியில் 'ஒப்பரேசன் லிபரேசன்' தொடங்கியது. மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு கோயிலில் போய் இருந்தேன். அதைப் பற்றி எழுத இது இடமில்லை.

மாலைதீவு வேலைக்கு நான் போனது வேறொரு உலகத்திலிருந்து. 1990 ஜூனுக்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒரு மாணவன் பெடலை மிதிக்க, டைனமோவில் வானொலியைக் கொழுவி பி.பி.சி. கேட்போம். ஆங்கிலச் செய்தி வாசிப்பவரின் நிறுத்தங்களைக் குறித்துக்கொள்ளுங்கோ என்று சொல்லுவேன். மிதிக்கிறவன் களைத்தால் லண்டன் மங்கிவிடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்த சுரேஷ் கனகராஜா, இப்படியான வகுப்புகளைப் பற்றிப் பிறகு ஒரு முக்கியமான நூல் எழுதினார். 1999இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்டது. அமெரிக்கப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் எங்கள் பிள்ளைகள் வரைந்த படங்களையும் எழுதிய குறிப்புகளையும்கூட அவர் ஆராய்ந்திருக்கிறார். பிறப்பால் ஆங்கிலேயன்தான் சிறந்த ஆங்கில ஆசிரியன் என்ற நம்பிக்கையை உலகம் கேள்வி கேட்கத் தொடங்கியதில் எங்கள் மண்ணுக்கும் பங்கு உண்டு. அதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

1992இல் நேர்முகத்துக்காகக் கொழும்புக்குப் போகப் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டும், பிணைக்கு ஆள் காட்ட வேண்டும். ஊரியான் கொம்படி வழியாக முழங்கால் தண்ணீரில் நடந்தேன். சான்றிதழ்களைப் பொலித்தீனில் சுற்றித் தலையில் வைத்திருந்தேன். நேர்முகத்தில் என் விலாசத்தைப் பார்த்ததும் கேள்வி வேறு பக்கம் திரும்பியது. 1988 நவம்பர் 3இல் இலங்கைத் தமிழ் இயக்கமொன்றின் ஆயுததாரிகள் மாலேயில் இறங்கி ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். இந்தியப் படை போய் அடக்கியது. நாலு வருடம் கழித்து அதற்கான பதிலை நான் சொல்ல வேண்டியிருந்தது. எந்த இயக்கம், எந்தத் தொடர்பு, ஏன் இப்போது வருகிறாய். ஆங்கில இலக்கணத்தில் ஒரு கேள்விகூட இல்லை. நைஜீரியச் சேவைச் சான்றிதழ்தான் என்னைக் காப்பாற்றியது. ஆறு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தவன் என்று அதில் இருந்தது.

அரை மணித்தியாலத்தில் சுற்றி நடந்துவிடக்கூடிய தீவு. பிள்ளைகள் இங்கிலாந்தின் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுபவர்கள். பேசுவது திவெஹி, சிங்களத்துக்குத் தூரத்துச் சகோதரி. சிங்களத்தில் ப இருக்கும் இடங்களில் திவெஹியில் ஃப. சிங்களவருக்குத் தண்ணீர் 'பென்', இவர்களுக்கு 'ஃபென்'. எங்கள் பொத்தகம் சிங்களத்தில் 'பொத', அங்கே 'ஃபொய்'. இரண்டாவது நாளே நான் கொப்பியில் கடதாசி கிழித்துவிட்டேன். ஒரு சிறுமி மட்டும் கிழிக்க மாட்டேன் என்றாள். கொப்பி மாலேயிலிருந்து தோணியில் வரவேண்டும், தாள் வீணாகும் என்றாள். அவளுக்குத் தென்னோலை ஈர்க்கைக் களைந்து ஒரு கீற்றுக் கொடுத்தேன். ஓலை அவ்வளவு இலகுவில் துள்ளாது. அவள் மற்ற எல்லாரையும்விடப் பலமாகச் சொல்லப் பழகினாள்.

அங்கே எனக்கு ஒரு மனக்கசப்பும் உண்டு. இரண்டாம் வருடம் இங்கிலாந்திலிருந்து ஒரு இளைஞன் தொண்டராக வந்தான். இருபத்திரண்டு வயது, படிப்பித்த அனுபவம் இல்லை. மேல்வகுப்புகளை என்னிடமிருந்து எடுத்து அவனிடம் கொடுத்தார்கள். பெற்றோருக்குச் சந்தோசமாக இருக்கும் என்றார்கள். நான் அன்றிரவு சாப்பிடவில்லை. அடுத்த கிழமை அந்தப் பெடியனே என் கதவைத் தட்டினான். கால அளவைச் சொல்வதற்கு இந்தச் சொல், தொடங்கிய நேரத்தைச் சொல்வதற்கு அந்தச் சொல் என்று பிள்ளைகள் விளக்கம் கேட்கிறார்கள், எனக்கு எது சரி என்று தெரியும், ஏன் என்று தெரியவில்லை என்றான். அப்படி ஒப்புக்கொள்ள நல்ல மனம் வேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு இரவும் அவன் அடுத்த நாள் பாடத்தை என்னோடு இருந்து ஆயத்தம் செய்தான். காலையில் அவன் உச்சரிப்பை நான் கேட்டுத் திருத்திக்கொண்டேன். அந்த வருடம் அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு பேரும் சேர்ந்த ஒரு நல்ல வாத்தியார் கிடைத்தார். சம்பளத்தாளில்தான் அது தெரியவில்லை.

1994 முடிவில் கிளாலிக் கடலால் ஊருக்குத் திரும்பினேன். அடுத்த ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து வந்தது. உடுப்பிட்டிப் பள்ளிக்கூடங்களில் சனம் நிறைந்தபோது, அந்தக் கட்டம் போட்ட பைகளைத் திரும்பவும் கண்டேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வளைகுடாவிலும் கிழக்காசியாவிலும் ஆங்கில ஆசிரியர் விளம்பரங்கள் பெருகின. 'ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மட்டும்' என்ற வரியும் சேர்ந்தே வந்தது. தென்கொரியாவில் ஆங்கிலம் படிப்பிக்கும் விசா ஏழு நாட்டுப் பிரசைகளுக்கு: அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாபிரிக்கா. என் மாணவி ஒருத்தி, நான் படிப்பித்தவர்களில் ஆங்கிலத்தின் நுட்பம் ஆகக் கூடுதலாகக் கைவந்தவள், இங்கே பத்து வருடம் ஆசிரியையாக இருந்துவிட்டு ரொறொன்ரோ போனா. அங்கே பள்ளிக்கூட வேலை கிடைக்கவில்லை, தொழிற்சாலையில் பொதி கட்டினா. அங்கே பிறந்த மகள் பல்கலைக்கழகம் முடித்த கையோடு கொரியாவுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தாள். தாய் தொலைபேசியில் சொன்னா: "சேர், பாடம் எப்பிடி எடுக்கிறதெண்டு நான்தான் ஒவ்வொரு இரவும் அவளுக்குச் சொல்லிக் குடுக்கிறன்." ஹவுசாக்காரர் ஃபாஸ்ஃபோ என்று சொல்லும் அந்தச் சிறு புத்தகம்தான் ஒருத்தியை வகுப்பறைக்குள்ளும் மற்றவளை வெளியிலும் விட்டது.

2010இல் நான் பென்சனுக்கு வந்தேன். அதே வருடம் நவம்பரில் பிரித்தானியா, கணவன் மனைவி விசாவுக்கு அடிப்படை ஆங்கிலப் பரீட்சையைக் கட்டாயமாக்கியது. உடுப்பிட்டியில் என் வீட்டு விறாந்தை புதுக் கலியாணப் பிள்ளைகளால் நிறைந்தது. கேட்டலும் பேசுதலும்தான் பரீட்சை. உங்கள் கணவர் எங்கே இருக்கிறார், என்ன வேலை, நீங்கள் காலையில் என்ன செய்வீர்கள். எல்லாரும் தங்களை 'வைப்' என்றார்கள். அந்த ஒரு எழுத்துக்காக எவரும் விசா மறுக்கமாட்டார்கள் என்று சொன்னாலும் அவர்கள் விடவில்லை. அங்கே போய்ப் புருசன் வீட்டாருக்கு முன்னால் பிழையாகச் சொல்லக் கூடாதாம். அதனால் விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், தாலிக்கொடி மஞ்சள் மாறாத கழுத்தோடு, கீழுதட்டைப் பல்லில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார்கள். என் தொழில் வாழ்வில் இவ்வளவு அவசரத்தோடு படித்த மாணவர்களை நான் கண்டதில்லை.

2020இல் கொரோனா வந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு ஃப சொல்லிக் கொடுக்க முடியாது. உதடு தெரியாது, கடதாசியும் ஆடாது. பேரன் கைத்தொலைபேசியை விறாந்தைத் தூணில் கட்டி வகுப்பை இணையத்துக்கு மாற்றித் தந்தான். அப்போது என்னிடம் படித்து முடித்திருந்த ஒரு பிள்ளை சீனச் சிறுவர்களுக்கு இணையவழியாக ஆங்கிலம் படிப்பிக்கும் நிறுவனங்களுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். வட அமெரிக்க உச்சரிப்பு வேண்டும் என்று ஒன்று திருப்பி அனுப்பியது. இன்னொன்றில் மாதிரிப் பாடம்வரை போனாள். 2021 ஜூலையில் சீன அரசாங்கம் ரியூசன் தொழிலையே கட்டிப்போட்டது. வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியரை வைத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கக் கூடாது என்பதும் அதில் ஒரு விதி. அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் இருந்தவர்களின் வேலையே போயிற்று, இவளுடையது தொடங்கவே இல்லை.

அடுத்த வருடம் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முன்னூற்றறுபதுக்குப் போனபோது எனக்கு பவுச்சி நினைவு வந்தது. அரசாங்கம் அரச ஊழியருக்கு அஞ்சு வருடம்வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக அனுமதி கொடுத்தது. இளம் ஆசிரியர்கள் பின்னேரங்களில் மோட்டார் சைக்கிளில் வந்து கேற்றடியில் நிற்பார்கள். மாலைதீவில் இப்போதும் எடுப்பார்களோ சேர்? ஓமானில்? என்ன சான்றிதழ் கேட்பினம்? எனக்குத் தெரிந்ததைச் சொல்லுவேன். மாலைதீவில் இப்போது அவர்களுக்கே பல்கலைக்கழகம் உண்டு, சொந்த ஆசிரியர்கள் பெருகிவிட்டார்கள், அது நல்ல விசயம். ஒப்பந்தத்தில் வீடு, திரும்பும் ரிக்கற், நோய்ச் செலவு மூன்றும் எழுத்தில் இருக்கிறதோ பாருங்கோ. காசு எந்த நாணயத்தில், எந்தத் திகதி விலையில் என்று கேளுங்கோ. முற்பணம் கேட்கிற ஏஜன்சிக்காரரிடம் பாஸ்போட்டைக் குடுக்காதேங்கோ. 1997இல் நான் அப்படிக் கொடுத்து, காசும் போய் ஒரு வருடமும் போனது.

சீனக்காரர் வேலை கைகூடாத அந்தப் பிள்ளை இப்போது இரண்டு வேலை செய்கிறாள். காலையில் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. யாழ்ப்பாணத்தில் உயர் தேசிய ஆங்கில டிப்ளோமா முடித்து நியமனம் பெற்றவள். வேலை நாளில் விடியப்புறம் மூன்றரைக்கு எழும்பி, ரொறொன்ரோவில் மாலைநேரம் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் படிப்பிக்கிறாள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ழ வராது. நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று கைவிரலை மடித்துக் காட்டுகிறாள். "நீங்கள் ஃப காட்டின மாதிரித்தான் சேர்" என்றாள்.

போன மாதம் அவளுக்கு ஒரு வெளிநாட்டுப் பாடசாலையிலிருந்து நேர்முகம் வந்தது. இணையத்திலேயே நடக்கும், இருபது நிமிடம். ஒத்திகை பார்க்க விறாந்தைக்கு வந்தாள். கைத்தொலைபேசியில் ஒரு செயலியும் வைத்திருக்கிறாள். அவள் பேசப்பேச அது உச்சரிப்புக்குப் புள்ளி போடுகிறது. எனக்குப் பிடிக்கிறதோ என்று கேட்டாள். நானும் பேசிப் பார்த்தேன். கெட்டிக்காரப் பொருள்தான். "ஆனா பிழை எண்டு சொல்லுது, ஏன் பிழை எண்டு சொல்லுதில்லை" என்று அவளே சொன்னாள்.

வல்லைவெளிப் பக்கத்துக் காற்று அடித்துக்கொண்டிருந்தது, மேசையில் இருந்த தாள்களுக்குக் கல் வைத்தோம். அனுபவம் எத்தனை வருடம், வகுப்பை எப்படிக் கட்டுப்படுத்துவாய், எந்தப் பாடத்திட்டம் தெரியும் என்று அவர்கள் வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டு முடித்தேன். நல்லாய்ச் சொன்னாள். பிறகு நான் கேட்டேன்:

"பிள்ளை, உம்முடைய தாய்மொழி தமிழ். ஆங்கிலத்தை நீர் எப்பிடிப் பிடிச்சனீர்?"

"அதை ஆர் சேர் கேக்கப்போகினம்?"

"என்னட்டை ஒருத்தர் கேட்டவர். நீர் சொல்லும்."

அவள் கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு கதிரையைத் திருப்பிப் போட்டு, கமராவுக்கு முன்னால் இருப்பதுபோல நிமிர்ந்து, ஆங்கிலத்தில் தொடங்கினாள். தனக்கு ஏழு வயதாக இருந்தபோது முகாமில் கொப்பி இருக்கவில்லை என்றும், பிஸ்கட் பெட்டி மட்டையின் உட்பக்கத்தில் அக்கா எழுதிக் காட்டிய முதல் சொல்லைத் தான் தலைகீழாகப் பிடித்து வாசித்தது என்றும்.